தொடக்கப் பள்ளிப் பாடவேளைக்குக் கதை நூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி
இடைநிலை ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். ஈராசிரியர் பள்ளி என்பதால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் ஒரே அறையில் இருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியமாகிய 5,000 ரூபாய்க்கு நூல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் விட்டிருக்கிறார். வழக்கமாகப் பள்ளிக்கே கட்டுக்கட்டாக நூல்களைக் கொண்டுவரும் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிவிடுவோம். அவற்றுள் பெரும்பாலானவை நீதிக்கதைத் தொகுப்புகள். அட்டை மாறியிருக்குமே தவிர, உள்ளே அதே சிங்கமும் முயலும்தான் இருக்கும். வந்தவை அப்படியே பீரோவில் இருக்கின்றன.

இம்முறை வாங்குபவை பாடவேளையிலேயே பயன்பட வேண்டும் என்று விரும்புகிறேன். பிள்ளைகள் தாமாக எடுத்துப் படிப்பதற்கு வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைச் சிறு நூல்கள் இருக்கின்றன. அவற்றை விரும்பியே படிக்கிறார்கள். எனக்கு இப்போது தேவைப்படுபவை, தமிழுக்கும் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கும் துணையாக வைத்து நடத்தத்தக்க நூல்கள். பாடத் தலைப்போடு பொருந்தும் நூலைத் தேடிப் பிடிப்பதுதான் வழியா? ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திக்கித் திணறிப் படிக்கும் பிள்ளையும், எதைக் கொடுத்தாலும் ஒரே மூச்சில் முடித்துவிடும் பிள்ளையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு ஏற்ற நூலை வாங்குவது? இன்னொரு தயக்கமும் உண்டு. பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர், பாடவேளையில் கதை நூல் திறந்திருப்பதைக் கண்டால், “இது பாடத்திட்டத்தில் எங்கே வருகிறது?” என்று கேட்பார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1
ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர், மதுரை

வணக்கம். நூலின் தலைப்பைப் பார்ப்பதற்கு முன்பாக, அதை வகுப்பில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் உரக்க வாசித்துப் பிள்ளைகள் கேட்கப்போகும் நூல் வேறு. அவர்கள் தாமாக எழுத்துக்கூட்டிப் படிக்கப்போகும் நூல் வேறு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலான பள்ளிகளில் நடக்கிறது. அதனால்தான் பாதி நூல்கள் ஒருவருக்கும் பயன்படாமல் போகின்றன.

நீங்கள் வாசித்துக் காட்டும் நூலின் மொழி, பிள்ளைகளின் வாசிப்புத் திறனைவிட இரண்டு வகுப்பு மேலே இருந்தாலும் குறையில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை, காதால் கேட்கும்போது மற்றவர்களுக்குச் சமமாகவே கதையைப் பின்தொடர்வதையும், பல வேளைகளில் அவர்களைவிடக் கூர்மையான கேள்வியைக் கேட்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே பல்வகுப்பு அறையில் ஒரே நூலை எல்லாருக்கும் பொதுவாக வைக்க வேண்டுமானால் அதற்கு உரக்க வாசித்தலே பொருத்தமான வழி. அத்தகைய நூலை வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலாவது, கடையிலேயே இரண்டு பக்கங்களை வாய்விட்டு வாசியுங்கள். உரையாடல் உயிரோடு வருகிறதா, அல்லது “நண்பனே, நாம் இப்போது அங்கே செல்வோமாக” என்று நாடகத்தனமாக ஒலிக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும். இரண்டாவது, நூலை விரித்து உடன் வந்தவரிடம் கொடுத்து, உங்கள் வகுப்பின் கடைசி வரிசை எவ்வளவு தொலைவோ அவ்வளவு தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். எறும்பின் முகபாவத்தில் கதையின் முடிச்சை வைத்திருக்கும் நூல், மடியில் வைத்துப் பார்க்க அருமையாக இருக்கலாம். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் பயன்படாது.

பிள்ளைகள் தாமே படிக்கும் நூல்களில் கவனிக்க வேண்டியவை வேறு. இதில் நம் மொழிக்கே உரிய சில சிக்கல்கள் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான பதிப்பகங்கள் நூல்களுக்கு நிலை குறிக்கும்போது சொற்களின் எண்ணிக்கையையே பெரிதும் நம்புகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகள் உண்டு; முதல் நிலை நூல்கள் 250 சொற்களுக்குள் அடங்குபவை. இந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் பொருந்துகிற அளவுக்குத் தமிழுக்குப் பொருந்துவதில்லை. ‘நாய் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது இரண்டே சொல்தான். ஆனால் இரண்டாவது சொல்லில் 11 எழுத்துகள் இருக்கின்றன. புதிதாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளை ‘ஓடிக்’ என்று தொடங்கிக் ‘கொண்’ணைத் தாண்டி ‘டிருக்’ வரும்போது முதலில் படித்ததை மறந்திருக்கும். பிற மொழியிலிருந்து பெயர்த்த முதல் நிலை நூல்களில், மூலத்துக்கு இட்ட நிலையே தமிழுக்கும் அப்படியே தொடர்வதால் இந்த இடர்ப்பாடு அடிக்கடி நேர்கிறது. அட்டையில் உள்ள எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் ஏழெட்டு எழுத்துகளைத் தாண்டும் சொற்கள் எத்தனை என்று கண்ணோட்டம் விடுங்கள்.

வரி முறியும் இடத்தையும் பாருங்கள். தமிழ் அச்சில் ஒரு சொல்லை எந்தக் குறியும் இடாமல் பாதியில் வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோவது நெடுங்கால வழக்கம். நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. தொடக்கநிலை வாசகருக்கு ‘பறந்துகொண்’ என்று ஒரு வரி முடிந்து, ‘டிருந்தது’ என்று அடுத்த வரி தொடங்கினால், அவை இரண்டு புரியாத சொற்கள். அதேபோல, அடர்ந்த நிறப் படத்தின் மீது எழுத்தை அச்சிட்ட பக்கங்களும், கையெழுத்துப் போல வளைத்து நெளித்த அலங்கார எழுத்துருக்களும் தடுமாறும் பிள்ளையை மேலும் தடுமாறச் செய்யும். வகுப்பில் யாரேனும் ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் நின்றுவிட்டால், அந்நூலை அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம்.

பாடத் தலைப்போடு பொருத்தம் தேட வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தேடலாம், ஆனால் தலைப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ‘நீர்’ என்று அட்டையில் போட்டிருக்கும் பல நூல்களின் உள்ளே, “அப்பா, மழை எப்படிப் பெய்கிறது?” என்று ஒரு பையன் கேட்பான், “சொல்கிறேன் கேள், கண்ணா” என்று அப்பா தொடங்கி மூன்று பக்கங்களுக்கு ஆவியாதலை விளக்குவார். அதைப் பாடநூல் ஏற்கெனவே இதைவிடத் தெளிவாகச் செய்திருக்கிறது. மாறாக, தெருக் குழாயடியில் தன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் ஒரு சிறுமியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர்ச் சுழற்சி என்ற சொல்லே வராது. அதை வாசித்து முடித்ததும், யார் வீட்டில் யார் தண்ணீர் எடுப்பது, கோடையில் கிணறு எங்கே போனது, மேட்டுத் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறுவதில்லை என்று பிள்ளைகள் தாமாகப் பேசத் தொடங்குவார்கள். பாடத்தை அந்தப் பேச்சிலிருந்து தொடங்கலாம். கதையாகவே நிற்கக்கூடிய கதைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவை எந்தப் பாடத்துக்கு உதவும் என்று பிறகு யோசிப்பதே என் வழக்கம்.


மறுமொழி 2
பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), நாகப்பட்டினம் மாவட்டம்

பயிற்றுநர் ஐயா எழுதியவற்றுள் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கதைக்கே முதலிடம் என்ற முடிவோடு முழுமையாக உடன்பட இயலவில்லை. கதையென்றால் நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் சிலர், நண்டுக்கு எத்தனை கால், ராக்கெட்டுக்கு என்ன எரிபொருள் என்று சொல்லும் தகவல் நூலைக் கொடுத்தால் மணிக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இலிருந்து நடத்திவரும் ‘துளிர்’ இதழின் பழைய பிரதிகள் எங்கள் வகுப்பில் அட்டை கிழிந்த பிறகும் கைமாறிக்கொண்டிருப்பது அதனால்தான். நீங்கள் வாங்குபவற்றுள் மூன்றில் ஒரு பங்காவது தகவல் நூலாக இருக்கட்டும்.

தகவல் நூலில் முதலில் பார்க்க வேண்டியது பிழை. நரி பேசினால் அது கதை. அதை எந்தப் பிள்ளையும் உண்மையென்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ‘அறிவோம்’ என்று தலைப்பிட்ட நூலில், பாம்பு பால் குடிக்கும், ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமிக்கும், சிலந்தி ஒரு பூச்சி, வௌவாலுக்குக் கண் தெரியாது என்றெல்லாம் இருந்தால் அதைத் திருத்த ஐந்தாண்டுகள் ஆகும். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு. எட்டுக் கால்கள் கொண்ட சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. இந்த நான்கையும் ஒரு சல்லடையாக வைத்துக்கொண்டு கடையில் பக்கங்களைப் புரட்டினால், எந்த நூல் அக்கறையோடு எழுதப்பட்டது என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். பதிப்பாண்டையும் பாருங்கள். புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கியது 2006-இல். அதற்கு முன் எழுதி இன்றுவரை மறு அச்சாகும் நூல்களில் ஒன்பது கோள்கள் இருக்கும். அத்தகைய ஒரு நூல் ஏற்கெனவே உங்கள் பீரோவில் இருந்தால் கழித்துவிட வேண்டாம். புதிய நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டில் எது சரி, ஏன் மாறியது என்று ஐந்தாம் வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதை விளக்க அதைவிட நல்ல பாடவேளை கிடைக்காது.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். தாவரங்கள் பாடத்துக்கென வாங்கிய நூலில் ஆப்பிள் மரமும் மேப்பிள் இலையும் மட்டும் இருந்தால், பிள்ளைகள் வெளியே போய் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. வேம்பும் பூவரசும் எருக்கும் இருக்கும் நூலாக இருந்தால், வாசித்த கையோடு மரத்தடிக்குக் கூட்டிப்போகலாம்.


மறுமொழி 3
தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை, ஓசூர்

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பாடநூல் தமிழையே இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்த நூலைக் கொடுத்தாலும் அது கடினமாகத்தான் இருக்கும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே படநூலைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகளில் தனித்தனியே வெளியிடுகிறது. ஸ்டோரிவீவரிலும் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கிறது. வீட்டு மொழியில் ஒரு முறை கதையைக் கேட்டுவிட்ட பிள்ளை, அதே படங்களோடு தமிழ் நூலைத் திறக்கும்போது சொல்லை ஊகித்துக்கொள்ள முடிகிறது. உங்கள் வகுப்பில் இந்தத் தேவை இல்லாமல் இருக்கலாம். இருந்தால் கருத்தில் கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. கதையில் யார் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றி மேலே யாரும் எழுதவில்லை. நீதிக்கதைத் தொகுப்புகளில் கெட்டவர்கள் கறுப்பாகவும் நல்லவர்கள் சிவப்பாகவும் வரையப்பட்டிருப்பதும், அம்மா எப்போதும் அடுப்படியிலேயே இருப்பதும், உடல் பருத்த பையனைப் பார்த்து எல்லாரும் சிரிப்பதும் நமக்குப் பழகிப்போனவை. உங்கள் மாவட்டத்தில் இருளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் பல உண்டு. ‘கொடிய வேடன் வலை விரித்தான்’ என்ற கதையை வாசிக்கும்போது, எலியும் முயலும் பிடித்துப் பிழைத்த பாட்டனைக் கொண்ட பிள்ளை எங்கே பார்க்கும்? அதே பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பாம்பைப் பற்றிய நூலை எடுத்தால், 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியும், பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அவர்கள் எடுக்கும் நஞ்சே மூலப்பொருளாகப் பயன்படுவதைப் பற்றியும் சேர்த்துப் பேசலாம். நூல் அதைச் சொல்லாவிட்டாலும் ஆசிரியர் சொல்லலாம். வேடன் கதையை ஒதுக்கித் தள்ள வேண்டும் என்று நான் கூறவில்லை. அது வாங்கும் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

நல்ல நூல் என்பதாலேயே எல்லா வகுப்பிலும் திறந்துவிட முடியாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருது பெற்ற ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் கையாளும் சிறுவர் நாவல். ஐந்தாம் வகுப்புக்கு அது மிகவும் தேவையானது என்பது என் எண்ணம். ஆயினும் ஆசிரியர் முழுவதும் படித்து, பெற்றோர் கூட்டத்தில் சொல்லி, வாசித்தபின் தனியாக வந்து பேசும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதையும் யோசித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மூன்றாம் வகுப்பும் அதே அறையில் இருக்கும்போது பாடவேளையில் வாசிப்பது பொருத்தமாகாது.


கேட்டவரின் தொடர்ச்சி
இடைநிலை ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

மூவருக்கும் நன்றி. என் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலைமையாசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, பீரோவில் உள்ளவற்றையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கப்போகிறேன். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. 5,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? ஒரே நூலில் பல பிரதிகள் வாங்கினால் தலைப்புகள் குறைகின்றன என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். பார்வைக்கு வரும் அலுவலரைப் பற்றிய கேள்விக்கும் விடை வேண்டும்.


மறுமொழி 4
ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர், மதுரை

முதலில் அறிவியல் ஆசிரியருக்கு ஒரு வரி: மூன்றில் ஒரு பங்கு என்பது நியாயமான கணக்குத்தான், ஏற்கிறேன்.

பணத்தைப் பற்றி: நூல் ஒன்று சராசரியாக 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 83 பிரதிகள் வரும். 83 தலைப்புகளை ஒவ்வொரு பிரதியாக வாங்கினால் பதிவேட்டில் பார்க்க நன்றாக இருக்கும், பாடவேளையில் ஒன்றும் செய்ய முடியாது. பத்துத் தலைப்புகளில் ஐந்தைந்து பிரதிகளாக 3,000 ரூபாய்க்கு வாங்குங்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து படிப்பதற்கு இவை. ஒரு பிரதிக்கு இரண்டு மூன்று பேர் என்றால் உங்கள் வகுப்புக்குத் தாராளமாகப் போதும். எஞ்சிய 2,000 ரூபாய்க்கு 33 தனிப் பிரதிகள் வாங்கலாம். அவற்றுள் உரக்க வாசிக்கத்தக்க பெரிய படநூல்களும் தகவல் நூல்களும் இருக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் விலை குறைவு. பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வரிசையையும் பாருங்கள். மாவட்டப் புத்தகக் கண்காட்சிக்கு நேரில் போய் வாங்கினால் தள்ளுபடியும் கிடைக்கும், வாய்விட்டு வாசித்தும் பார்க்கலாம். நடுவில் பின் அடித்த நூல்கள் விரித்து வைத்தால் விரிந்தே இருக்கும். பசை போட்டு ஒட்டியவை பல கை பட்டதும் தாள் தாளாக வந்துவிடும்.

ஸ்டோரிவீவர் நூல்களை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ள உரிமம் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் படங்கள் கரிப்பூச்சாகிவிடுவதால், ஸ்மார்ட் போர்டு இருந்தால் அதில் காட்டுவதே மேல்.

அலுவலர் பற்றிய கேள்விக்கு விடை உங்கள் பாடக்குறிப்பிலேயே இருக்கிறது. பாடநூலின் அலகுக்குக் கீழே கற்றல் விளைவை எழுதும்போது, அதற்குப் பயன்படுத்தும் நூலின் பெயரையும் பக்கத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ‘கேட்ட கதையைத் தன் சொற்களில் கூறுதல்’, ‘படித்த பகுதியைத் தன் அனுபவத்தோடு தொடர்புபடுத்துதல்’ போன்றவை தொடக்க வகுப்புத் தமிழில் நாம் வழக்கமாக எழுதும் விளைவுகள்தான்; அவற்றுக்குக் கதை நூலைவிடப் பொருத்தமான கருவி எது என்று அலுவலரையே கேட்கலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் கதை நூல்கள் உள்ளிட்ட நூலகம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கதை முடிந்ததும் கரும்பலகையில் ஐந்து வினாக்களை எழுதி விடை எழுதச் சொல்லாதீர்கள். அலுவலரின் மனநிறைவுக்காக அதைச் செய்யும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை நூலை எடுத்தாலே பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும்.


மறுமொழி 5
தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை, ஓசூர்

உங்கள் தலைமையாசிரியரின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய நூல் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் தாம் பொறுப்பேற்க நேரும் என்ற அச்சம் பல பள்ளிகளில் பீரோவைப் பூட்டியே வைத்திருக்கிறது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பயன்பாட்டால் சேதமடைந்த நூல்களின் பட்டியலை வைத்துத் தீர்மானமாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோரே அந்தக் கிழிந்த நூல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். இதை உங்கள் தலைமையாசிரியரிடம் நூல் பட்டியலைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஐந்து பிரதி வாங்க ஒப்புக்கொள்வார்.